கூட்டம் முடிய முன்னம் வந்த செய்தி

எங்கள் பக்கத்தில் சங்கங்களுக்குத் தேர்தல் நடப்பதில்லை. தெரிவுதான் நடக்கும். வாக்கெடுப்பு என்று வந்துவிட்டாலே ஊருக்குள் ஏதோ பிரச்சினை என்று அர்த்தம். பக்கத்து ஊர்க்காரர் கேட்டுச் சிரிப்பார்கள். அதனால் கூட்டத்துக்கு முதல்நாளே நாலைந்து பேர் யாராவது ஒருவருடைய விறாந்தையில் கூடித் தேத்தண்ணி குடித்து, யார் தலைவர், யார் செயலாளர் என்று பேசி முடித்துவிடுவார்கள். மறுநாள் ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், மிச்சப் பேர் கைதட்டுவார்கள். ஏகமனதாகத் தெரிவு என்று கூட்டக் குறிப்பில் ஏறும். கோயில் பரிபாலன சபை, வாசிகசாலை, பழைய மாணவர் சங்கம், மரண உதவிச் சங்கம், எதுவானாலும் முறை இதுதான். நான் செய்தி எழுதத் தொடங்கி இருபது வருடத்துக்கு மேலாகிறது. அந்த வசனத்தை எத்தனை தரம் எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

செய்தியாளர்களிடமும் இதற்கேற்ற ஒரு வழக்கம் இருந்தது. இப்படியான கூட்டங்களுக்கு நாங்கள் போவதில்லை. முதல்நாள் பின்னேரமே பெயர்ப் பட்டியல் எங்கள் கைக்கு வந்துவிடும். நாளைக்கு நடக்கப்போவதை நடந்து முடிந்ததாக எழுதி அனுப்பிவிட்டு வேறு அலுவலைப் பார்ப்போம். ஒருமுறை மழைவெள்ளத்தில் தேர் இருந்த இடத்தை விட்டு அசையாத கோயிலுக்கும், பல்லாயிரம் அடியார்கள் வடம்பிடித்தார்கள் என்று பேப்பரில் வந்தது. எழுதியது நான்தான். கோயில்காரர் ஒரு சொல் குறை சொல்லவில்லை. செய்தியை வெட்டிக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு மாட்டினார்கள்.

நான் வேலை செய்த பத்திரிகையின் முதலாளிக்கு ஒரு கட்சி வாய்த்தபிறகு அங்கே இருக்கப் பிடிக்காமல் வெளியே வந்தேன். என்னைப்போல வெளியே வந்த ஒருவர் ஆசிரியரானார், கணினி தெரிந்த ஒருவர் சேர்ந்தார், மூன்று பேராக ஒரு செய்தி இணையத்தளம் தொடங்கினோம். மருதனார்மடம் சந்திக்குப் பக்கத்தில் மேல்மாடியில் ஓர் அறை, நாலு கதிரை, ஒரு மின்விசிறி. கீழே சந்தை இரைச்சல். அதற்கு மேலால் ஆஞ்சநேயர் கோயில் ஒலிபெருக்கி. எந்தக் கட்சிக்கும் வால் பிடிக்காதவர்கள் என்று எங்களைப் பற்றி நாங்களே எழுதிக்கொண்டோம். அது பொய்யில்லை. இராணுவம் விடாத காணிகளைப் பற்றி, காணாமற்போனவர்களின் தாய்மாரைப் பற்றி, பயங்கரவாதத் தடைச் சட்டத்தைப் பற்றி வேறு பேர் எழுதப் பயந்ததை எழுதினோம். சிவில் உடுப்பில் இரண்டு பேர் இடைக்கிடை படியேறி வந்து, பெயரென்ன ஊரென்ன என்று போனமுறை கேட்டதையே திரும்பக் கேட்டுவிட்டுப் போவார்கள். பயம் இருந்தது. பயத்தோடு ஒரு பெருமையும் இருந்தது, அதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். ஜனநாயகத்துக்கு ஆபத்து கொழும்பிலிருந்துதான் வரும் என்று எப்போதும் தெற்குப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் காலத்தில் எனக்கு அடிக்கடி செய்தி தந்தவர்களில் ஒருவர், பரவைக்கடல் கரையில் ஒரு சிறிய ஊரின் கடற்றொழிலாளர் சங்கத் தலைவர். எங்கள் ஊர்களுக்கிடையில் கிடக்கும் ஆழமில்லாத உள்கடலைத்தான் பரவைக்கடல் என்போம். பதினைந்து வருடமாக அவரே தலைவர். போராட்டம் என்றால் முதல் ஆளாக நிற்பார். "எங்கடை கடலை ஒருத்தனுக்கும் விடமாட்டம்" என்று அவர் முழங்கிய காணொளியை நாங்கள்தான் எடுத்துப் போட்டோம். ரொறொன்ரோவில் இருப்பவர்கள்கூட அதைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதினார்கள்.

அதே ஊரில் நான் அக்கா என்று கூப்பிடும் ஒருவர் இருந்தார். கணவர் இறந்தபிறகு அவருடைய சங்க அங்கத்துவம் அக்காவின் பெயருக்கு மாறியது. வள்ளம் கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் நடந்துபோய் நண்டுவலை கட்டி, விடியவிடிய எடுத்து வந்து விற்றுத்தான் இரண்டு பெண் பிள்ளைகளையும் படிக்க வைத்தார். அவரைப்போல அந்தக் கரையில் இன்னும் பத்துப் பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள். அவர்கள் நடந்துபோகும் அந்த ஆழமில்லாத துண்டைத்தான் வெளியிலிருந்து வந்த ஒரு கம்பனி கடலட்டைப் பண்ணைக்குக் கேட்டது. தடி நட்டு, சுற்றிவர வலையடித்து அடைத்துவிட்டால் அதற்குப் பிறகு அங்கே ஒருவரும் கால் வைக்க முடியாது. அதற்குச் சங்கத்தின் சம்மதக் கடிதம் வேண்டும். எங்கடை கடலை விடமாட்டம் என்ற தலைவர் கடிதம் கொடுக்கச் சம்மதித்திருந்தார். அவருடைய மருமகனுக்குப் பண்ணையில் ஒரு பங்கு என்று ஊரில் கதைத்தார்கள்.

சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்துக்கு இரண்டு கிழமை இருக்கையில் அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"தங்கச்சி, இந்தமுறை தலைவர் பதவிக்கு நான் நிக்கப்போறன்."

"அவை விடுவினமோ அக்கா?"

"விடாயினம். நான் கை உயர்த்தி எண்ணச் சொல்லுவன். எங்கடை பொம்பிளையள் எல்லாரும் வருவினம். ஆம்பிளையளிலையும் கொஞ்சப் பேர் என்ரை பக்கம். நீங்கள் ஒருக்கா வந்து ஒரு மூலையிலை நிண்டால் காணும். பேப்பர்க்காரர் நிக்கினம் எண்டால் ஒழுங்கா எண்ணுவினம்."

"வாறன் அக்கா," என்றேன்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை. சனி பின்னேரம் தலைவர் வட்ஸ்அப்பில் பட்டியலை அனுப்பினார். தலைவர், செயலாளர், பொருளாளர், எல்லாம் பழைய ஆட்கள். கூடவே மாலை போட்டபடி நிர்வாகசபை இருக்கும் ஒரு படம். "படம் போன வருசத்தான் பிள்ளை. ஆக்கள் மாறேல்லைத்தானே," என்று குரல்பதிவில் சொல்லியிருந்தார்.

மறுநாள் யாழ்ப்பாணத்தில் எனக்கு வேறு அலுவல் வந்திருந்தது. அதுதான் பெரிது என்று பட்டது. அக்காவுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் மனம் நோவார் என்று நினைத்தேன், அல்லது அப்படி நினைத்ததாக என்னையே ஏமாற்றினேன். உண்மை இதுதான்: வாக்கெடுப்பு நடக்கும் என்று நான் நம்பவில்லை. அக்கா எழும்புவார், யாராவது ஒருவர் "சரி விடு பிள்ளை" என்பார், அவர் இருந்துவிடுவார். எங்கள் ஆட்கள் கை உயர்த்த மாட்டார்கள். இருபது வருட அனுபவம் என்று இதைச் சொல்லிக்கொண்டேன். அனுபவமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. எந்தச் சனத்தின் வாக்குரிமைக்காகப் பக்கம் பக்கமாக எழுதினேனோ அந்தச் சனத்தின் மேல் எனக்கிருந்த இளக்காரம் அது.

ஆறு வரிச் செய்தி. ஏகமனதாகத் தெரிவு செய்யப்பட்டனர் என்று முடித்து, படத்தையும் சேர்த்து, மறுநாள் பதினொன்றரைக்குத் தானாகவே தளத்தில் ஏறும்படி நேரம் குறித்து வைத்தேன். பத்து மணிக் கூட்டம், அதற்குள் முடிந்துவிடும் என்று கணக்கு. இந்த மண்ணில் எந்தக் கூட்டம் சொன்ன நேரத்துக்குத் தொடங்கியிருக்கிறது? அதுகூட எனக்கு நினைவு வரவில்லை.

நடந்ததை அக்கா சொல்லித்தான் அறிந்தேன். பிறகு அங்கே இருந்த வேறு மூன்று பேரிடமும் தனித்தனியாக விசாரித்தேன். விசாரித்து உறுதிப்படுத்துவதுதானே என் தொழில், கொஞ்சம் பிந்திச் செய்தேன்.

கூட்டம் பதினொன்றுக்குத்தான் தொடங்கியது. தலைவரின் பெயரை ஒருவர் சொல்ல இன்னொருவர் வழிமொழிந்தார். பின்னால் பாயில் இருந்த பெண்களில் ஒருவர் எழும்பி அக்காவின் பெயரைச் சொன்னார். ஒரு கிழவர் அதை வழிமொழிந்தார். மண்டபத்தில் ஒரே இரைச்சல். மேற்பார்வைக்கு மாவட்டக் கடற்றொழில் அலுவலகத்திலிருந்து வந்திருந்த உத்தியோகத்தர், சட்டப்படி எண்ணத்தான் வேண்டும் என்றார். தலைவருக்குக் கைகள் உயர்ந்தன. அக்காவுக்கும் உயர்ந்தன. தலைவரைவிட அக்காவுக்கு ஏழு கை கூட. தலைவரின் மச்சான் ஒருவர், எண்ணினது பிழை என்று சத்தம் போட்டார். சரி, இன்னொருக்கா எண்ணுவம் என்றார் உத்தியோகத்தர்.

அந்த இடைவெளியில்தான் என் செய்தி போய்ச் சேர்ந்தது.

செயலாளர் தன் தொலைபேசியைப் பார்த்துவிட்டு எழும்பி எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். தலைவர் இன்னார், செயலாளர் இன்னார், ஏகமனதாகத் தெரிவு. தளத்தின் பெயரையும் சேர்த்து வாசித்தார். கட்சிக்காரருடைய பேப்பராக இருந்திருந்தால் சிரித்திருப்பார்கள். நாங்கள் பொய் எழுத மாட்டோம் என்று அந்த ஊருக்கே தெரியும். மண்டபம் அமைதியாகிவிட்டதாம்.

"உது முடிஞ்ச அலுவல் போலை கிடக்கு," என்று ஒருவர் சொன்னார்.

"அப்ப என்னத்துக்கு எங்களைக் கூப்பிட்டவை?" என்று இன்னொருவர் கேட்டுக்கொண்டு சாரத்தை மடித்துக் கட்டி வெளியே போனார். அவருக்குப் பின்னால் இன்னும் பலர் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் சமையல், கடலில் வலை. பெண்களில் பாதிப் பேர் எழும்பிவிட்டார்கள். எங்கேயோ மேலே முடிவாகிவிட்டது, இனிக் கை உயர்த்திப் பகையைச் சம்பாதிப்பானேன் என்று நினைத்திருப்பார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. இரண்டாம் முறை எண்ணியபோது அக்காவுக்கு எட்டுக் கைகள் இருந்தன. இந்த எட்டுப் பேருக்காகப் பிளவு என்று எழுதுவானேன் என்று சொல்லி உத்தியோகத்தரும் ஏகமனதாக என்றே எழுதினார்.

பின்னேரம் அக்கா தொலைபேசி எடுத்தார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"தங்கச்சி, நீங்கள் எப்ப வந்து போனனீங்கள்? நான் காணேல்லை."

"நான் வரேல்லை அக்கா."

"அப்ப எப்பிடி எழுதினனீங்கள்?"

எப்படி எழுதுவது என்று சொன்னேன். முதல்நாள் பட்டியல் வரும், நாங்கள் எழுதிவிடுவோம், எல்லாரும் அப்படித்தான். சொல்லச் சொல்ல என் காதுக்கே அது நாறியது.

"படத்திலை முன்வரிசையிலை இருக்கிறவர் செத்து ஆறு மாசம்," என்றார் அக்கா. "அந்த மனுசனும் சேர்ந்துதான் ஏகமனதாத் தெரிஞ்சதோ?"

பிறகு அவர் கேட்டது ஒன்றே ஒன்று. மாவட்ட அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்கலாம், ஒரு மாதம் தவணை என்று விசாரித்து வைத்திருந்தார். செய்தி கூட்டத்துக்கு முதல்நாளே எழுதப்பட்டது, எழுதியவர் கூட்டத்துக்கு வரவில்லை என்று இரண்டு வரியில் ஒரு கடிதம். அது இருந்தால் திரும்ப ஒரு வாக்கெடுப்புக் கேட்கலாம். அதுவரைக்கும் சம்மதக் கடிதம் செல்லாது. தாறன் என்றேன்.

அடுத்த நாள் கந்தோரில் ஆசிரியரிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர். கொழும்பில் நாலாம் மாடி என்கிற பொலிஸ் புலனாய்வுப் பிரிவு வரைக்கும் விசாரணைக்குப் போய் வந்தவர். முகம் கறுத்துவிட்டது.

"கடிதம் குடுத்தால் அது நாளைக்கு ஆரின்ரை கையிலை போய் நிக்கும் எண்டு யோசிச்சனீங்களே? பொய்ச் செய்தி எண்டு சொல்லி ஆக்களைப் பிடிக்கச் சட்டம் கொண்டு வந்தவங்கள், எங்களிலை ஒரு பிழை அம்பிடாதோ எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறாங்கள். நடக்காததை நடந்ததெண்டு எழுதினம் எண்டு நீங்களே கையெழுத்து வைக்கப்போறியளே? ஒரு சங்கக் கூட்டத்துக்காக முழுத் தளத்தையும் இழுத்து மூடுறதோ?"

அவர் சொன்னதில் பிழை இல்லை. அதனால்தான் அது அவ்வளவு வசதியாக இருந்தது. ஏகமனதாக என்ற சொல்லை எடுத்துவிட்டு, செத்தவர் இருந்த படத்தையும் எடுத்துவிட்டு, கடற்கரைப் படம் ஒன்றைப் போட்டோம். திருத்தம் என்று எங்கேயும் குறிப்பிடவில்லை. ஒரு திணைக்களம் தன் அறிவித்தலில் இப்படி ஓசைப்படாமல் ஒரு வரியை மாற்றியதற்காக நாங்கள் முன்பு ஒரு முழுக் கட்டுரை எழுதியிருக்கிறோம்.

அந்தக் கிழமை தலைவரும் படியேறி வந்தார். கையில் ஒரு பையில் நண்டு. கதிரையில் இருந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு கதைத்தார்.

"பிள்ளை, நீங்கள் கடிதம் குடுக்கப்போறியள் எண்டு கேள்விப்பட்டன். குடுங்கோ, நான் மறிக்கேல்லை. ஆனால் எங்கடை சனத்துக்குள்ளை பிரிவினை எண்டு வெளியிலை தெரிஞ்சால் ஆருக்குச் சந்தோசம்? உங்களுக்குத் தெரியாததே? நேவிக்காரன் காணி பிடிக்க நிக்கிறான், நாங்கள் எங்களுக்குள்ளை கை எண்ணிக்கொண்டு நிப்பமே? உது எங்கடை வீட்டு அலுவல்."

ஒற்றுமை என்று அவர் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்தச் சொல்லை, அதே தொனியில், நான் எத்தனை கட்டுரையில் போட்டிருக்கிறேன். எங்களில் ஒருத்தியின் வாயை அடைக்க அது எவ்வளவு கைக்கு அடக்கமாக இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்டேன். கண்டும் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். நண்டுப் பையையாவது திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அன்று எங்கள் வீட்டில் நண்டுக்கறி.

அக்கா இரண்டு தரம் எடுத்துக் கேட்டார். எழுதிக்கொண்டிருக்கிறன் என்றேன். அதே நாட்களில் அந்தப் புதிய சட்டம் பேச்சுரிமையை எப்படி நெரிக்கும் என்று நீண்ட கட்டுரை ஒன்றை ஒரே காலையில் எழுதி முடித்தேன். பலர் பகிர்ந்தார்கள். துணிச்சலான எழுத்து என்று லண்டனிலிருந்து ஒருவர் பாராட்டினார். இரண்டு வரிக் கடிதம்தான் வரவில்லை. மூன்றாம் தரம் அக்கா தொலைபேசி எடுத்துக் கேட்கவில்லை.

கடலில் தடி நடத் தொடங்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட அன்று எழுதினேன். கடிதமாகவும் எழுதினேன், தளத்தில் என் பெயரைப் போட்டுத் திருத்தமாகவும் எழுதினேன். ஆசிரியரிடம் கேட்கவில்லை. அவர் ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு கதைத்தார்.

கடிதத்தை நானே மாவட்ட அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்த எழுதுவினைஞர் பொறுமையாக வாசித்தார். கோப்பை எடுத்துக் காட்டினார். சம்மதக் கடிதம், அதற்குப் பின்னால் கூட்டக் குறிப்பு, அதற்குப் பின்னால் எங்கள் தளத்தின் செய்தி, அச்சடித்து, பழைய படத்தோடு. ஓசைப்படாமல் நாங்கள் அழித்த சொல் அங்கே அழியாமல் இருந்தது.

"தவணை முடிஞ்சு எட்டு நாள், மிஸ்," என்றார். "இனி அடுத்த வருசக் கூட்டத்திலைதான்."

ஆசிரியர் பயந்ததும் நடக்கவில்லை. என் திருத்தத்தைக் காட்டி ஒருவரும் வழக்குப் போடவில்லை. சிவில் உடுப்புக்காரர் வரவில்லை. யாரும் அதை வாசித்ததாகவே தெரியவில்லை. கீழே ஒரேயொரு பின்னூட்டம் வந்தது, அது கனடாவில் வீடு விற்பவரின் விளம்பரம்.

கடைசியில் அக்காவைப் பார்க்கப் போனேன். போகாமல் விட்டிருக்கலாம், ஆனால் போகாமல் விட்டதுதானே எல்லாவற்றுக்கும் தொடக்கம். ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு இறங்கினேன். கரையிலிருந்து நூறு அடியில் தடி வரிசை தொடங்கி, கண்ணுக்கெட்டிய தூரம் நீல வலை ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே காவல் கொட்டில் ஒன்று. அக்கா கரையில் இருந்து வேறொருவருடைய கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். அவருடைய நண்டுவலை பக்கத்தில் மணலில் சுருட்டிக் கிடந்தது. அடைத்த துண்டுக்கு அப்பால் கழுத்தளவு ஆழம், வள்ளம் இல்லாமல் போக முடியாது.

"வாங்கோ தங்கச்சி, இருங்கோ," என்று வலையை ஒதுக்கி இடம் தந்தார்.

கடிதத்தின் பிரதியைக் கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்தார். எழுத்தில் குறையொன்றும் சொல்லவில்லை. மடித்து மடியில் வைத்துக்கொண்டார். மூத்தவள் படிப்பை நிறுத்திவிட்டு நெல்லியடியில் ஒரு புடவைக்கடைக்கு வேலைக்குப் போகிறாள் என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் வலையைப் பார்த்துக்கொண்டு ஊசியை ஓட்டினார்.

"அண்டைக்கு நீங்கள் எங்கை நிண்டனீங்கள்?"

ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரி, மரணவீடு, எதுவும் வாயில் வரவில்லை. உண்மையைச் சொன்னேன். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்கு முன்னால், வெயிலில், வாயில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு, முப்பது நாற்பது பேரோடு பதாகை பிடித்தபடி நின்றேன் என்று.

"என்னத்துக்கு?"

"ஊடக சுதந்திரம் வேணுமெண்டு கேட்டு நிண்டனாங்கள் அக்கா."

அக்கா ஊசியை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"கிடைச்சுதோ?" என்று கேட்டார்.

நக்கலாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார். கிடைத்தது என்று நான் சொல்லியிருந்தால், அந்தக் கரையில் இருந்துகொண்டு, எனக்காகச் சந்தோசப்பட்டிருப்பார்.